யோக்கோ: பத்தாண்டு உழைத்த சூரியத் தொலைநோக்கி ஒரு கிரகணத்தில் போனது எப்படி?

2001 டிசம்பர் 14 அன்று ஒரு வளைய சூரிய கிரகணம். உலக நேரப்படி இரவு 8.52 வாக்கில் உச்சம். ஜப்பானில் அப்போது மறுநாள் விடிகாலை. நிழற்பாதை கிட்டத்தட்ட முழுக்கப் பசிபிக் கடல்மேல் ஓடி, கடைசியில் மட்டும் கோஸ்டாரிகா, நிகரகுவா பக்கம் கரையேறி முடிந்தது. வளையம் அதிகபட்சமாக நீடித்ததே நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு சாதாரணக் கிரகணம்.

அந்த நிழலை ஜப்பானின் யோக்கோ செயற்கைக்கோளும் கடந்தது. கடக்கும்போது சூரியன்மேல் வைத்திருந்த குறி தவறிவிட்டது. கலம் தானாகப் பாதுகாப்பு நிலைக்குப் போனது. சோலார் பேனல்கள் சூரியனை விட்டு விலகின, பேட்டரி வடிந்தது, அப்புறம் ஏறவே இல்லை. 1991 ஆகஸ்ட் 30இல் ஏவப்பட்டு, சூரியனின் சீற்றம் கூடிக் குறைந்து மறுபடி கூடும் சூரியச் சுழற்சி ஒன்றை ஏறத்தாழ முழுசாகப் பார்த்து முடித்திருந்த கலம் அது. அதன் மென் எக்ஸ்ரே (ஆற்றல் குறைந்த எக்ஸ்ரே) தொலைநோக்கி மட்டும் அறுபது லட்சம் படங்களுக்கு மேல் எடுத்திருந்தது.

சூரியனைப் பார்க்கப் போன கலம் சூரியன் மறைந்ததால் வீழ்ந்தது என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது பாதிக் கதை. கிரகணம் ஒன்றும் எதிர்பாராமல் வருவதில்லை, என்றைக்கு வரும் என்று பஞ்சாங்கமே சொல்லிவிடும். யோக்கோ அதற்கு முன்பும் பல கிரகணங்களைப் பார்த்துப் பத்திரமாக வந்திருக்கிறது. இன்னொன்று, அதன் தொலைநோக்கி ஒன்பது வருடமாக முகப்பில் ஓட்டையோடுதான் வேலை செய்துகொண்டிருந்தது. அந்த ஓட்டையைச் சமாளித்த குழுவுக்கு இந்த நான்கு நிமிடம் ஏன் கைமீறிப் போனது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எக்ஸ்ரேயில் எந்தச் சூரியன் தெரியும்?

நம் கண்ணுக்குத் தெரியும் சூரியப் பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே பரந்து கிடக்கும் கொரோனா 10 லட்சம், 20 லட்சம் டிகிரி. சூரியச் சுடர் வெடிக்கும் இடத்தில் 1 கோடி, 2 கோடி டிகிரிகூட எட்டும். அடுப்பை விட்டு விலக விலகச் சூடு கூடுவது ஏன் என்ற கேள்விக்கு இன்றும் முழு விடை இல்லை. அந்தப் பக்கம் இப்போது போக வேண்டாம்.

இவ்வளவு சூட்டில் இருக்கும் வாயு எக்ஸ்ரேயில் ஒளிரும். அடியில் இருக்கும் 5,500 டிகிரிப் பரப்பு அந்த அலைநீளத்தில் ஒளிர்வதே இல்லை. ஆகவே எக்ஸ்ரே படத்தில் சூரியனின் வட்டு இருட்டாகவும், அதன்மேல் காந்தப் புலம் பிடித்து நிறுத்தியிருக்கும் வாயு வளைவுகள் பளிச்சென்றும் தெரியும். சாதாரண ஒளியில் கொரோனாவைப் பார்க்கச் சந்திரனோ ஒரு தகடோ சூரியனை மறைக்க வேண்டும். அப்போதும் விளிம்புக்கு வெளியே இருப்பதுதான் தெரியும். எக்ஸ்ரேயில் வட்டுக்கு நேர்மேலே இருப்பதையும் பார்க்கலாம். இந்த வசதி வேறு வழியில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

தொல்லை என்னவென்றால், பூமியின் காற்று எக்ஸ்ரேயை முழுசாக உறிஞ்சிவிடும். அதனால்தான் இந்தத் துறை ராக்கெட்டோடு பிறந்தது. 1949இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஹெர்பர்ட் ஃப்ரீட்மன் குழு, ஜெர்மனியிலிருந்து கைப்பற்றி வந்த வி-2 ராக்கெட்டில் கருவி வைத்துச் சூரிய எக்ஸ்ரேயை அளந்தது. 1960இல் அதே ஆய்வகம் ஊசித்துளைக் கேமராவால் சூரியனின் முதல் எக்ஸ்ரே படத்தை எடுத்தது. 1973, 74இல் ஸ்கைலாப் நிலையத்தில் நிஜமான எக்ஸ்ரே தொலைநோக்கிகள் இருந்தன. படம் பதிந்தது ஃபிலிமில். விண்வெளி வீரர்கள் வெளியே நடந்துபோய் ஃபிலிம் பெட்டியைக் கழற்றி, பூமிக்குக் கொண்டுவந்து கழுவ வேண்டும். கொரோனாத் துளைகளை (கொரோனாவில் எக்ஸ்ரே மங்கி இருட்டாகத் தெரியும் பகுதிகள்) பற்றி இன்று தெரிந்ததில் பாதி அந்த ஃபிலிமில் தொடங்கியதுதான். ஆனால் ஆட்கள் திரும்பி வந்ததும் கண்காணிப்பும் நின்றுபோனது.

யோக்கோ ஃபிலிமைக் கைவிட்டு, ஒளியை மின்னணுப் படமாக மாற்றும் சிசிடி சில்லுக்கு மாறியது. பின்னால் வந்த தலைவலிக்கும் அதுவே காரணம். அதற்கு முன் கண்ணாடியைப் பார்த்துவிடலாம்.

கருவி

எக்ஸ்ரேயைச் சாதாரணக் குழிக்கண்ணாடியால் குவிக்க முடியாது. நேராக வந்து விழுந்தால் கண்ணாடிக்குள் போய்க் காணாமல் போகும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தாழ்வாக வீசினால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தாவும், மேலிருந்து போட்டால் முழுகிவிடும் இல்லையா? அதேபோல மிகச் சாய்வாக உரசிச் சென்றால் மட்டுமே எக்ஸ்ரே திரும்பும். ஆகவே இந்தக் கண்ணாடி பார்ப்பதற்கு வாய் அகன்ற குழாய் மாதிரி இருக்கும். உட்சுவர்தான் கண்ணாடிப் பரப்பு. ஒளி நடுவில் நுழைவதில்லை. சுவரை ஒட்டிய மெல்லிய வளையம் வழியாகத்தான் நுழைகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹான்ஸ் வோல்ட்டர் 1952இல் வகுத்துக் கொடுத்த வடிவம் இது.

வோல்ட்டர் சொன்னபடி முதல் பரப்பு பரவளையம், இரண்டாவது அதிபரவளையம். யோக்கோவில் இரண்டையும் அதிபரவளையமாக வைத்தார்கள். வட்டின் நடுவில் படம் துல்லியமாக விழுந்து ஓரத்தில் மங்குவதைவிட, முழு வட்டும் ஓரளவு சீராகத் தெரிவது சூரியனுக்கு முக்கியம் என்பது கணக்கு. சுடர் வெடிப்பு எந்த மூலையில் நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கண்ணாடியின் விட்டம் 23 செ.மீ., குவியத் தொலைவு 1.54 மீட்டர். பின்னால் 1024 × 1024 படப்புள்ளி கொண்ட சிசிடி. ஒரு புள்ளி சூரியனில் ஏறத்தாழ 1,800 கி.மீ. அகலத்தைக் காட்டும். அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகம், ஜப்பானின் தேசிய வானியல் ஆய்வகம், டோக்கியோ பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து செய்தவை. அமெரிக்கத் தரப்பில் முன்னின்றவர் லாரன் ஆக்டன். 1985இல் விண்வெளி ஓடத்தில் பறந்து சூரியனைக் கவனித்தவர். கலமும் ஏவுதலும் ஐசாஸ் எனப்படும் ஜப்பானிய விண்வெளி ஆய்வுக் கழகத்தின் பொறுப்பு. 390 கிலோ கலத்தில் இந்தத் தொலைநோக்கியோடு வன் எக்ஸ்ரே (ஆற்றல் கூடிய எக்ஸ்ரே) தொலைநோக்கி ஒன்றும், ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானிகள் இரண்டும் இருந்தன.

தரவு வைத்துக்கொள்ள இருந்த இடத்தைச் சொன்னால் இன்றைக்குச் சிரிப்பு வரும். குமிழி நினைவகம், மொத்தம் 10 எம்பி. வேகமாகப் பதிந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். பூமியை ஒருமுறை சுற்ற 97 நிமிடம் ஆகும். ஆகவே எந்தப் படத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைக் கலமே பார்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்ரே திடீரென்று எகிறினால் கலம் தானாகவே சுடர் வெடிப்பு நிலைக்கு மாறி, முழு வட்டை விட்டுவிட்டு வெடிக்கும் இடத்தை மட்டும் 64 × 64 புள்ளித் துண்டாக வெட்டி வேகவேகமாக எடுக்கும். 1991இன் கம்ப்யூட்டருக்கு இது பெரிய புத்திசாலித்தனம்.

இந்தத் துண்டுப் படங்களில்தான் பெரிய விஷயங்கள் சிக்கின. 1992 ஜனவரி 13இல் சூரிய விளிம்பில் ஒரு சுடர் வெடிப்பு. வன் எக்ஸ்ரே தொலைநோக்கியின் தரவை அலசிய சடோஷி மசுடா, அப்போது டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வு மாணவர். வளைவின் இரண்டு கால்களில் ஒளி இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், இருந்தது. மென் எக்ஸ்ரேயில் தெரிந்த வளைவின் உச்சிக்கும் மேலே, ஒன்றும் இல்லாத மாதிரி தெரிந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு ஒளிப்புள்ளி இருந்ததுதான் யாரும் எதிர்பாராதது. ஆற்றல் வளைவுக்குள் விடுபடவில்லை, அதற்கு மேலே காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும் இடத்தில் விடுபடுகிறது என்பதற்கு இவ்வளவு நேரடியான சான்று அதுவரை கிடைத்ததில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் சாகு ட்சுநேதா குழு பார்த்த வெடிப்பில் வளைவின் உச்சி கூம்பாக நீண்டு நின்றது. காந்த மறு இணைப்புக்குப் பாடப்புத்தகத்தில் போடும் படத்தின் சாயல் அப்படியே இருந்தது. சூரியனிலிருந்து பீய்ச்சியடிக்கும் எக்ஸ்ரே தாரைகளை கசுனாரி ஷிபாடாவும் உடனிருந்தோரும் அடையாளம் கண்டார்கள். 1999இல் கேன்ஃபீல்ட், ஹட்சன், மெக்கென்ஸி மூவரும், எக்ஸ்ரேயில் எஸ் வடிவில் முறுக்கிக்கொண்டிருக்கும் பகுதிகள் வெடிக்க அதிக வாய்ப்பு உண்டு என்று காட்டினார்கள். விண்வெளி வானிலை கணிப்பவர்கள் இன்றும் அந்த எஸ்ஸைத் தேடுகிறார்கள்.

பத்தாண்டுப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் 1991இன் கொதிக்கும் சூரியன், 1996இன் கிட்டத்தட்ட அணைந்த சூரியன், 2000இல் மறுபடி கொதிப்பு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இந்த ஏற்றத்தாழ்வு சதவீதத்தில் ஒரு சின்னப் பின்னம்தான். மென் எக்ஸ்ரேயில் ஏறத்தாழ நூறு மடங்கு.

முகப்பில் விழுந்த ஓட்டை

சரி, சிசிடி தலைவலிக்கு வருவோம். சிசிடி எக்ஸ்ரேயை மட்டும் பார்ப்பதில்லை, சாதாரண ஒளியையும் பார்க்கும். சூரியன் எக்ஸ்ரேயாக உமிழும் ஆற்றல் அதன் மொத்த ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். அதுவும் சாய்வாக உரசும் கண்ணாடி சாதாரண ஒளியை இன்னும் நன்றாகவே திருப்பும். ஆகவே எக்ஸ்ரே தொலைநோக்கி கட்டுபவர்களின் பாதி வேலை எக்ஸ்ரேயைப் பிடிப்பது, மீதிப் பாதி மற்ற ஒளியை வெளியே நிறுத்துவது.

நிறுத்துவதற்கு முகப்பில் ஒரு மெல்லிய வடிகட்டி. பிளாஸ்டிக் படலத்தின்மேல் அலுமினியமும் டைட்டேனியமும் பூசியது. எல்லாம் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குத் தடிமன் வராது. தடிமன் கூடினால் மென் எக்ஸ்ரேயும் நின்றுவிடும். ராக்கெட் அதிர்வையும், பிறகு நாளுக்குப் பதினைந்து தடவை வெயில், இருட்டு என்று மாறி மாறி வரும் சூட்டையும் குளிரையும் இந்தப் படலம் தாங்க வேண்டும்.

1992 நவம்பரில் அதில் ஒரு பகுதி கிழிந்தது. ஏவி ஒன்றேகால் வருடம்கூட முடியவில்லை.

உடனடியாகப் போனது ஒரு துணை வசதி. எக்ஸ்ரே கண்ணாடியின் நடுவே, ஒளி நுழையாத அந்த வெற்றிடத்தில், சாதாரண ஒளியில் சூரியப்புள்ளிகளைப் படமெடுக்கும் ஒரு சின்ன லென்ஸ் வைத்திருந்தார்கள். அதே சிசிடியில் விழும் அந்தப் படத்தை வைத்து, இந்த எக்ஸ்ரே வளைவு எந்தப் புள்ளிக்கு மேலே நிற்கிறது என்று பொருத்திப் பார்க்கலாம். ஓட்டை வழியாக வந்த ஒளி அந்தப் படத்தை மூழ்கடித்துவிட்டது. அதன்பின் பொருத்தும் வேலையைக் கலத்தின் சென்சார் தரவை வைத்துக் கணக்குப் போட்டே செய்ய வேண்டியதாயிற்று. எக்ஸ்ரே படங்களிலும் கசிவு பரவியது. தடித்த வடிகட்டி போட்டு எடுத்தவை பெரும்பாலும் தப்பித்தன, மெல்லிய வடிகட்டியில் எடுத்தவை மாட்டிக்கொண்டன. 1995 முதல் மேலும் சில தடவை கிழிந்தது. 1996இல் சூரியன் அடங்கிக் கிடந்த நேரம் இருக்கிறதே, அதுதான் மோசம்: எக்ஸ்ரே மங்கல், அதனால் நீண்ட நேரம் திறந்து வைத்து எடுக்க வேண்டும், திறந்து வைத்த நேரமெல்லாம் கசிவும் சேரும்.

கழற்றி மாட்ட வழியில்லை. ஆகவே கசிவை மட்டும் தனியாகப் படமெடுத்து, அதை ஒவ்வொரு எக்ஸ்ரே படத்திலிருந்தும் கழித்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். கசிவை மட்டும் எப்படி எடுப்பது? எக்ஸ்ரே வராமல் சூரிய ஒளி மட்டும் வரும் ஒரு தருணம் வேண்டும்.

அப்படி ஒரு தருணம் ஒவ்வொரு சுற்றிலும் வரத்தான் செய்கிறது. கலம் பூமியின் இருட்டுப் பக்கம் போகும் முன் சில நொடிகள், சூரியன் பூமியின் விளிம்பில், காற்று மண்டலத்தின் வழியாகத் தெரியும். உயரத்தில் உள்ள காற்று எக்ஸ்ரேயை உறிஞ்சிவிடும்; சாதாரண ஒளி தடையில்லாமல் வரும். அந்த நொடியில் எடுக்கும் படத்தில் கொரோனா இருக்காது, ஓட்டை வழியாக வந்தது மட்டும் இருக்கும். இத்துறை ராக்கெட் தேடிப் போனதே எக்ஸ்ரேயைத் தின்னும் இந்தக் காற்றுக்குப் பயந்துதான். இங்கே அதே காற்றை ஒரு வடிகட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு யோக்கோ வரலாற்றில் மசுடாவின் ஒளிப்புள்ளிக்கு அடுத்து மிகவும் பிடித்தது இதுதான்.

ஓட்டை கலத்தைக் கொல்லவில்லை. படம் கெட்டது, ஆனால் மின்சாரம் இருந்தது, தொடர்பு இருந்தது, உட்கார்ந்து யோசிக்க நேரமும் இருந்தது. அடுத்த பகுதிக்கு இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரகண நாள்

முதலில் எழும் கேள்வி: யோக்கோவுக்கு இருட்டு புதிதா? இல்லை. ஒவ்வொரு 97 நிமிடச் சுற்றிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் பூமியின் நிழலில்தான் கழியும். கணக்குப் போட்டால் பத்தாண்டில் ஐம்பதாயிரம் தடவைக்கு மேல் சூரியன் மறைந்து வந்திருக்கிறது. அரைமணி நேர இருட்டைத் தாங்கிய கலத்துக்குச் சில நிமிட அரை இருட்டு ஒரு பொருட்டா?

பொருட்டுதான். பூமியின் இருட்டு சுத்தமான இருட்டு. சூரிய சென்சார் ஒன்றுமில்லை என்று சொல்லும், கலம் திரும்புவதை உணரும் கைரோக்களின் துணையோடு கலம் அப்படியே நிற்கும், வெளிச்சம் வந்ததும் சென்சார் மறுபடி பொறுப்பேற்கும். கிரகணம் அப்படி இல்லை. பொதுவாக ஒரு சூரிய சென்சார் பார்ப்பது ஒரு முழு வட்டத்தின் நடுவை. பாதி மறைந்த சூரியன் பிறை. பிறையின் ஒளி மையம் வட்டத்தின் மையத்தில் இருக்காது, சந்திரன் நகர நகர அதுவும் நகரும். மேலும் மறைந்தால் ஒளி குறைந்து, சூரியன் இருக்கிறதா இல்லையா என்ற தீர்மானமே தடுமாறும். மொத்தத்தில், சூரியன் இல்லாததைவிட அரைகுறையாக இருப்பது கட்டுப்பாட்டு அமைப்புக்குச் சிக்கல்.

யோக்கோ முன்பு கடந்த கிரகணங்களில் இந்தத் தடுமாற்றம் உயிருக்கு உலை வைக்கவில்லை. இந்தமுறை வைத்தது. சூரியன்மேல் இருந்த பிடி விட்டதும் பாதுகாப்பு நிலை வந்தது. அதுவரை தவறு எதுவும் இல்லை என்பேன். சந்தேகம் வந்தால் ஒதுங்கி நில் என்பதற்குத்தானே பாதுகாப்பு நிலை? ஆனால் ஒதுங்கி நிற்கும் கலம் சோலார் பேனலைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். யோக்கோ நிற்கவில்லை. இயக்குவதில் நேர்ந்த பிழைகளும் வேறு சில குறைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, பேனல்கள் பேட்டரியை ஏற்ற முடியாத நிலைக்குக் கலம் போய்விட்டது.

அதற்கப்புறம் நடப்பது எந்தச் செயற்கைக்கோளிலும் ஒன்றுதான். வெயில் படாத பேனல், அதனால் இறங்கும் பேட்டரி, பேட்டரி இல்லாததால் கலத்தைத் திருப்பச் சக்தி இல்லை, திருப்பாததால் பேனலுக்கு வெயில் இல்லை. இந்தச் சுழலுக்குள் விழுவதற்கு முன்னால் சில மணி நேர அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தில் யாராவது கட்டளை அனுப்ப முடிந்தால் கதை வேறு.

இங்கேதான் யோக்கோவின் ஏற்பாடு அதற்கு எதிராக நின்றது. கட்டளை போனது ஜப்பானில் ககோஷிமாவின் உச்சினோரா தளத்திலிருந்து மட்டுமே. நாளின் பதினைந்து சுற்றில் ஐந்து மட்டும் அதன் தலைக்கு மேலே வரும், ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போல. நாசாவின் தரைநிலையங்கள் மற்ற நேரத்தில் தரவை வாங்கிக்கொள்ள உதவின. அவை வாங்கத்தான், கொடுக்க அல்ல. சாதாரண நாளில் இது போதும், பத்து வருடம் போதுமானதாகவே இருந்தது. கிரகணம் நடந்ததோ பசிபிக்கின் மறுகோடியில், உச்சினோராவின் கண்ணுக்கு எட்டாத இடத்தில்.

இதை யார் தலையிலாவது கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டளை ஒரே இடத்திலிருந்து என்பது 1980களின் பணக் கணக்கு. கிரகணத்துக்கான முன்னேற்பாடு, பத்தாவது வருடத்தில் எத்தனையாவது கிரகணம் என்று எண்ணாத அளவுக்குப் பழகிப்போன வேலை. பேட்டரி ஐம்பதாயிரம் தடவை ஏறி இறங்கியது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் கிரகணத்தை மட்டும் குற்றவாளி ஆக்குவதை நான் ஏற்கமாட்டேன். எப்போது வரும், எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரே இடர் அதுதான். வடிகட்டி என்றைக்குக் கிழியும் என்று யாருக்கும் தெரியாது, இருந்தும் அதைச் சமாளித்தார்கள்.

சோஹோ பிழைத்தது, யோக்கோ ஏன் பிழைக்கவில்லை?

மூன்றரை வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒன்று நடந்திருந்தது. 1998 ஜூன் 25இல் ஐரோப்பா, அமெரிக்காவின் சோஹோ என்ற சூரிய ஆய்வுக் கலம், கைரோ தொடர்பான பராமரிப்பு வேலையின்போது கட்டளைத் தொடரில் இருந்த பிழையாலும், வேலை செய்துகொண்டிருந்த கைரோவைத் தவறாகச் சந்தேகித்த முடிவாலும் சுழன்று தொலைந்தது. பேட்டரி தீர்ந்தது, எரிபொருள் உறைந்தது. ஒரு மாதம் கழித்து போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடார் அனுப்பிய அலையின் எதிரொலியைக் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையம் கேட்டு, கலம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு மெல்லிய சமிக்ஞை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரி ஏற்றி, எரிபொருளை உருக்கி, செப்டம்பர் கடைசியில் கலம் பழைய நிலைக்கு வந்தது.

சோஹோவுக்கு இருந்த அதிர்ஷ்டம் அதன் இடம். பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி, சூரியனை நோக்கிய எல்1 புள்ளியில் (சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து கலத்தைப் பூமியோடு கூடவே சுற்ற வைக்கும் இடம்) அதற்கு இரவே கிடையாது. சுழலும் கலத்தின் அச்சு மாறாமல் நிற்க, அது சூரியனைச் சுற்றும்போது பேனல்மேல் வெயில் விழும் கோணம் வாரா வாரம் கூடிக்கொண்டே வந்தது. காத்திருந்தால் மின்சாரம் வரும் என்று கணக்குப் போட முடிந்தது. யோக்கோவோ தாழ்வான சுற்றுப்பாதையில். கோணம் சற்றுச் சாதகமாக வந்து கொஞ்சம் ஏறினாலும் அடுத்த அரைமணி இருட்டில் அது கரைந்துவிடும். மீட்பு கைகூடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. 2004 ஏப்ரலில் திட்டத்தை முறையாக மூடினார்கள். 2005 செப்டம்பர் 12, ஜப்பான் நேரம் மாலை 6.16க்கு யோக்கோ காற்று மண்டலத்தில் நுழைந்து எரிந்தது. நம் பக்கம்தான், தெற்காசிய வானில்.

இடையில் பறிபோனது என்ன என்று கேட்டால், 2003 நவம்பர் 4ஐச் சொல்லலாம். அமெரிக்காவின் கோயஸ் வானிலைச் செயற்கைக்கோள்களின் அளவையே திணறடித்து, பிறகு எக்ஸ்28 (எக்ஸ் என்பது சுடர்களில் மிக வலுவான வகை) என்று மதிப்பிட்ட சுடர் வெடிப்பு அன்று நடந்தது. வேறு கருவிகள் பார்த்தன. பத்தாண்டாக ஒரே கண்ணால் பார்த்து வந்த தொடர்ச்சியில் மட்டும் அது இல்லை.

அடுத்து வந்தது

2006 செப்டம்பரில் ஜப்பானின் அடுத்த சூரியக் கலமான ஹினோடே போனது. அதன் எக்ஸ்ரே தொலைநோக்கியை ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகமும் ஜப்பானியரும் சேர்ந்து கட்டினார்கள். குவியத் தொலைவு 2.7 மீட்டர், 2048 × 2048 சிசிடி, ஒரு புள்ளிக்கு யோக்கோவில் பாதிக்கும் குறைவான அகலம். சுற்றுப்பாதையும் மாறியது. பகல்-இரவு எல்லையை ஒட்டியே சுற்றுவதால் வருடத்தில் ஒன்பது மாதம் போல இரவு கிடையாது. தரவு வாங்க நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவு நிலையமும் சேர்ந்ததால் ஒவ்வொரு சுற்றிலும் தொடர்பு கிடைத்தது. 2011 ஜனவரி 4இல் தன் பாதையிலிருந்து வளையமாகத் தெரிந்த கிரகணத்தை ஹினோடே எக்ஸ்ரேயில் படமெடுத்தது. கலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்தியாவின் ஆதித்யா-எல்1 சோஹோ இருக்கும் அதே எல்1 பகுதியில் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் சந்திரன் பூமிப் பக்கம்தான் இருக்கும், சூரியனுக்குக் குறுக்கே வராது. கிரகணம் என்ற பேச்சே இல்லை. அதில் உள்ள சோலெக்ஸ், ஹெலியாஸ் இரண்டும் எக்ஸ்ரேயை அளக்கும் நிறமாலைமானிகள், படமெடுப்பவை அல்ல. ஆகவே யோக்கோவின் நேரடி வாரிசு என்று அவற்றைச் சொல்ல முடியாது.

ஹினோடேவை விட்டுவைக்காத வியாதி வேறு. மேலே போன சில மாதத்தில் ஏதோ ஒரு கசடு சிசிடிமேல் படியத் தொடங்கியது. அவ்வப்போது சிசிடியைச் சூடாக்கி அதை விரட்டுகிறார்கள். 2012 மே மாதம் முகப்பு வடிகட்டி கிழிந்தது. யோக்கோவில் நடந்த அதேதான்: சாதாரண ஒளி உள்ளே வந்து மெல்லிய வடிகட்டிப் படங்களில் கலந்தது. பின்னாலும் சில தடவை கிழிந்தது.

யோக்கோவின் படங்கள் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் கசிவு நீக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த அனுபவம் கையில் இருந்ததால் ஹினோடே குழுவுக்கு வழி புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை: பூமியின் விளிம்பில் காற்று எக்ஸ்ரேயை மறைக்கும் நொடிகளில் கசிவை மட்டும் எடுத்துக் கழிப்பதுதான். ஒரே வித்தியாசம், யோக்கோவுக்கு அந்த நொடிகள் நாளுக்குப் பதினைந்து தடவை வந்தன. இரவே இல்லாத பாதையை வேண்டிப் பெற்ற ஹினோடேவுக்கு அவை மே முதல் ஆகஸ்ட் வரையிலான இரவுப் பருவத்தில் மட்டும்தான் வரும். மற்ற மாதங்களில் எடுத்த படங்களுக்கும் அந்தப் பருவத்துக் கசிவுப் படங்களை வைத்தே கழிக்க வேண்டியிருக்கிறது.